"வாரியாலே?": ஒரு வீடியோ கேம் கைக்கு வந்து சேரும் வழி

2019 மே மாதம். பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று வீடு தள்ளி ஒரு பிள்ளையார் கோயில். அதன் திண்ணையில் நான்கு பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் கையிலும் போன், நாலும் படுக்கைவாட்டில். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை, ஆனால் பேச்சு ஓயவே இல்லை. "மாப்ள, செவத்துக்குப் பின்னால ஒருத்தன் நிக்கான்." "நான் விழுந்துட்டேம்ல, ரிவைவ் குடு." "இரு, ஸ்மோக் போட்டுட்டு வாரேன்." நால்வரில் ஒருவன் என் அக்கா மகன். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை முடித்துவிட்டு விடுமுறையில் இருந்தான். அக்கா வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "அம்மா, அஞ்சு நிமிஷம்" என்ற பதில் மூன்று முறை வந்தது. சோறு ஆறிப்போனது.

அன்று இரவு அக்கா என்னிடம் கேட்டாள்: "அந்தப் போனுக்குள்ள அப்படி என்னதாம்ல இருக்கு?"

கோபத்தில் கேட்டாலும் அது நல்ல கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உளவியலாளர்கள் கேட்டுவரும் கேள்வியும் அதுதான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடித் தேடிப் படித்ததிலும், அந்த நால்வரைப் பல ஆண்டுகள் பார்த்ததிலும் எனக்குப் புரிந்தது இதுதான். அக்காவின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒருவர் ஒரு கேமை ஏன் முதன்முதலில் கையில் எடுக்கிறார் என்பது ஒன்று. எடுத்ததை ஏன் கீழே வைக்காமல் ஆடுகிறார் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் போனுக்குள் பதில் இருக்கிறது. முதலாவதற்கான பதில் பெரும்பாலும் போனுக்கு வெளியே, அந்தத் திண்ணையில் இருக்கிறது.

கைக்கு எட்டியது எப்படி

அவர்கள் ஆடியது பப்ஜி என்று சொல்லத் தேவையில்லை. அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன் வடிவமைத்து, தென்கொரிய நிறுவனம் ஒன்று 2017-இல் கணினிக்காக வெளியிட்ட விளையாட்டு. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். வெறுங்கையோடு இறங்கி, வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, குண்டு, மருந்து என்று கிடைத்ததைப் பொறுக்குவார்கள். ஆட வேண்டிய வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சும் அணிக்கு வெற்றி. உலகமே 2017-இல் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் அதன் பெயர் யாருக்கும் தெரியாது. கேமுக்குக் காசு, அதை ஓட்டும் கணினிக்கு அதைவிடப் பெரிய காசு. கேம் அப்போதும் இதே நல்ல கேம்தான். ஆனால் அதற்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் வழி இல்லை.

வழி மூன்று பக்கத்திலிருந்து வந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தொடங்கியது, 2017 மார்ச் வரை டேட்டாவை இலவசமாகவே கொடுத்தது. அதற்கு முன் 1 ஜிபிக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்து, அதை மாதம் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தவர்கள் நாம். ஒரே ஆண்டில் தினமும் 1 ஜிபி என்ற நிலைக்கு வந்தோம். அதே 2017 ஜனவரியில் ரெட்மி நோட் 4 போன் 9,999 ரூபாயில் தொடங்கி விற்பனைக்கு வந்தது. பிறகு 2018 மார்ச்சில், சீனாவின் டென்சென்ட் நிறுவனம் உருவாக்கிய பப்ஜியின் மொபைல் வடிவம் உலகமெங்கும் இலவசமாக வெளியானது. டேட்டா, போன், கேம் மூன்றும் ஏறத்தாழ பதினெட்டு மாத இடைவெளியில் ஒன்று சேர்ந்தன. 2020-இல் சென்சார் டவர் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டபடி, அதுவரை இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 17.5 கோடி முறை பப்ஜி மொபைல் இறக்கப்பட்டிருந்தது. உலகக் கணக்கில் அது கிட்டத்தட்ட கால் பங்கு.

ஆனால் விலை குறைந்தால் மட்டும் ஒரு பொருள் கைக்கு வந்துவிடாது. அக்கா மகனிடம் ஒருமுறை கேட்டேன், "நீ எப்படிடா இதை முதல்ல இறக்கினே?" அவன் இறக்கவே இல்லையாம். ஒரு ஜிபியைத் தாண்டும் அந்தக் கேமை டியூஷன் முடிந்த பிறகு நண்பன், இணையம் இல்லாமலே போனுக்குப் போன் அனுப்பும் ஷேர்இட் செயலியில் அனுப்பியிருக்கிறான். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார்கள். பாதி வந்ததும் நின்றுபோய், மறுபடியும் முதலிலிருந்து. "நாலாவது ஆளு இல்லாம இருந்தது மாமா, வாரியாலேன்னு கேட்டான்" என்றான். விளம்பரம் பார்த்தோ, பிளே ஸ்டோரில் நட்சத்திரங்களை எண்ணியோ அவன் முடிவெடுக்கவில்லை. ஓர் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் என் தலைமுறைக்கும் கேம் அப்படித்தான் வந்தது. தொண்ணூறுகளில் டிவியில் செருகி ஆடும் கேம் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. மஞ்சள் நிறக் கேசட், உள்ளே மாரியோவும் காண்ட்ராவும். மணிக்கு ஐந்து ரூபாய். காண்ட்ராவில் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர் கிடைக்க ஒரு வழி இருந்தது. மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம் என்று தொடங்கி வரிசையாக அழுத்த வேண்டும். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986-இல் வேறொரு கேமைச் சோதித்துப் பார்க்கத் தன் வசதிக்காக வைத்த குறியீடு அது. எழுதிய ஆள் ஜப்பானில். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மதுரையிலிருந்து லீவுக்கு வந்த பக்கத்து வீட்டு அண்ணன். எந்தப் பத்திரிகையும் இல்லாமல், இணையமும் இல்லாமல், ஒரு வாரத்தில் தெரு முழுவதும் அது பரவியது.

அடுத்தது நோக்கியா. ஃபின்லாந்தின் டனேலி அர்மான்டோ எழுதிய பாம்பு விளையாட்டு 1997-இல் 6110 போனில் வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா ஆலை வந்து, வீட்டுக்கு ஒரு நோக்கியா ஆனது. அந்தக் கேமுக்காக யாரும் போன் வாங்கவில்லை. வாங்கிய போனில் அது இருந்தது, பேருந்து வரத் தாமதமானது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதையெல்லாம் விட எனக்குச் சுவையாகப் படுவது அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியது படிப்புக்காகத்தான், படிப்புக்கு நிறையவே உதவியது. கூடவே, கணினியே பார்க்காத வீடுகளுக்குள் ஜிடிஏ வைஸ் சிட்டியும் ஐஜிஐயும் பென் டிரைவில் நுழைந்தன. ஐஜிஐயில் ஒரு மிஷனின் நடுவில் சேமித்து வைக்க முடியாது. கடைசி அறையில் செத்தாலும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். அதை ஹாஸ்டல் அறையில் ஒருவன் ஆட, கட்டில் மேல் ஏழு பேர் உட்கார்ந்து வழி சொல்வார்கள். அந்த ஏழு பேரும் அன்றைக்குக் கேம் ஆடியவர்கள்தான் என்பது என் எண்ணம்.

ஆய்வுகள் சொல்வது, திண்ணை சொல்வது

புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1989-இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்தது. அலுவலகத்துக்கு ஒரு புதிய மென்பொருள் வருகிறது. ஊழியர் மனத்தில் இரண்டு கேள்விகள்: இதனால் என் வேலைக்கு உபயோகம் உண்டா? இதைக் கற்பது சுலபமா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஏற்றுக்கொள்வார். கணக்கு எழுதும் மென்பொருளுக்கு இது சரியாகப் பொருந்தும். கேமுக்கு? பப்ஜியால் என்ன உபயோகம் என்று அக்கா கேட்டால் அவள் மகனால் ஒரு வரி சொல்ல முடியாது. 2004-இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் வான் டெர் ஹெய்டன் இதைத் திருத்தினார். இன்பத்துக்காகப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தில் உபயோகத்தை விட மகிழ்ச்சியும் எளிமையுமே மக்களை இழுக்கின்றன என்று காட்டினார்.

எளிமை எவ்வளவு பெரிய கதவு என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பப்ஜியைத் திட்டிக்கொண்டிருந்த அதே அக்கா ஏப்ரல் மாதம் லூடோ கிங் ஆடிக்கொண்டிருந்தாள். மும்பையைச் சேர்ந்த விகாஷ் ஜெய்ஸ்வாலின் நிறுவனம் 2016-இலேயே வெளியிட்ட கேம் அது. நான்கு ஆண்டுகள் அவள் போனுக்குள் வராதது, மதுரைச் சித்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறை எண்ணை அனுப்பி "எல்லாரும் வாங்க" என்றதும் வந்துவிட்டது. கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. பச்சீசி என்ற நம் நாட்டு ஆட்டத்தை எடுத்துத்தான் 1896-இல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள். திண்ணையில் கட்டம் போட்டுத் தாயக்கட்டை உருட்டி வளர்ந்தவளுக்கு, காயை வெட்டுவதும் பழம் எடுப்பதும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "எனக்கு இதெல்லாம் வராது" என்று எந்தப் போனைப் பார்த்தும் சொல்லும் அக்கா, சித்தியின் காயை வெட்டிவிட்டு அடுக்களைக்குக் கேட்கும்படி சிரித்தாள்.

ஆனால் டேவிஸின் விளக்கமும் சரி, அதைத் திருத்தியவர்களின் விளக்கமும் சரி, முதன்மையாக ஒரு தனி ஆளைப் பார்க்கின்றன. ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து, எளிதா, இனிதா என்று எடைபோட்டு முடிவு செய்வது போல. நம் தெருவில் கேம் பரவுவது அப்படி இல்லை. அதற்கு அமாங் அஸ் என்ற கேமை விடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் சேர்ந்து 2018-இல் வெளியிட்டது. எளிமை, மலிவு, வேடிக்கை எல்லாம் முதல் நாளே இருந்தன. ஆனால் இரண்டு ஆண்டுகள் சீந்துவார் அதிகம் இல்லை. 2020-இல் வீட்டுக்குள் அடைபட்ட மக்கள், கூடிப் பேச ஒரு சாக்கு தேடினார்கள். இணையத்தில் கேம் ஆடிக் காட்டும் பிரபலங்கள் சிலர் அதை நண்பர்களோடு ஆடினார்கள். சில வாரங்களில் உலகமே ஆடியது. இரண்டாம் பாகம் செய்வதாக அறிவித்திருந்த அந்தக் குழு, அதை ரத்து செய்துவிட்டுப் பழைய கேமையே கவனிக்க வேண்டியதாயிற்று. கேம் கிட்டத்தட்ட அதே கேம்தான். ஆட்கள்தான் வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே போனபின்

சரி, கூப்பிட்டார்கள், போனான். ஏன் திரும்பி வரவில்லை?

இங்கேதான் கேமின் உட்புறம் முக்கியமாகிறது. எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. மனிதருக்குப் பசி, தாகம் போலவே மனத்துக்கும் மூன்று தேவைகள் உண்டு என்று ஒரு பழைய கோட்பாடு சொல்கிறது. தன் முடிவைத் தானே எடுப்பது, தனக்கு ஒன்று கைவருகிறது என்று உணர்வது, மற்றவரோடு ஒட்டி இருப்பது. கேம்கள் இந்த மூன்றையும் தீர்க்கும் அளவுக்கு ஏற்பத்தான் மக்கள் அவற்றை ரசிக்கிறார்கள், திரும்பவும் ஆட விரும்புகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். வன்முறை, ரத்தம், பளபளப்பான காட்சி எல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில்தான் முதலில் படுகின்றன.

அக்கா மகனின் ஒரு நாளை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்த காலம் அது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு. காலை ஐந்தரைக்கு இயற்பியல் டியூஷன், அப்புறம் பள்ளி, மாலை கணக்கு டியூஷன். எந்தப் பாடம், எந்த டியூஷன், எத்தனை மணிக்கு எழுவது, எதிலும் அவன் முடிவு ஒன்றுகூட இல்லை. பப்ஜியில் விமானக் கதவு திறந்ததும் முதல் கேள்வியே "எங்க குதிக்கலாம்?" என்பதுதான். தீவிலுள்ள பொச்சின்கி என்ற ஊரில் குதித்தால் நிறையப் பொருள், நிறைய ஆபத்து. ஓரத்தில் குதித்தால் உயிர் மிஞ்சும், கை காலி. அந்த முடிவு அவனுடையது. அதன் பலனும் அடுத்த மூன்று நிமிடத்தில் அவனுடையது. பள்ளித் தேர்வில் செய்த தவறு என்னவென்று தெரிய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவும் எண்ணாக மட்டும்தான் வரும்.

கைவரும் உணர்வைக் கேம் செய்தவர்கள் மிகக் கவனமாகச் செதுக்கியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் சில ஆட்டங்களில் எதிரே வருபவர்களில் பலர் மனிதர்களே இல்லை. கணினி இயக்கும் பாட்கள். சுடத் தெரியாமல் நின்று வாங்கிக்கொள்வார்கள். அதனால் சேர்ந்த அன்றே சிலருக்குச் சிக்கன் டின்னர் கிடைத்துவிடும். வெற்றிபெற்ற அணிக்குத் திரையில் வரும் வாழ்த்து அது. பிறகு தரநிலை ஏற ஏற எதிரிகள் நிஜ மனிதர்களாகிறார்கள். ஆடுபவர் கைத்திறனும் எதிரியின் திறனும் கூடவே வளர்ந்துகொண்டு போகும். சலிப்பதற்கும் இடமில்லை, திணறி ஓடுவதற்கும் இடமில்லை. இந்த நடுவழியில் வைத்திருப்பதுதான் கேம் வடிவமைப்பின் முழு வித்தை என்று சொல்லலாம்.

மூன்றாவதுதான் அந்த ஆறிப்போன சோற்றுக்குக் காரணம். அக்காவுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது: இந்த ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. மாரியோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் உலகம் உறைந்து நிற்கும், சாப்பிட்டுவிட்டு வரலாம். பப்ஜியில் நூறு பேர் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள், ஒருவருக்காக எப்படி நிறுத்துவது? ஓர் ஆட்டம் அரை மணி நேரம் போகும். நடுவில் எழுந்து போனால் மூன்று நண்பர்கள் ஓர் ஆள் குறைவாக மாட்டிக்கொள்வார்கள். "அஞ்சு நிமிஷம்" என்று அவன் சொன்னபோது அம்மாவை ஏமாற்றவில்லை. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் விழுந்துகிடக்கும் நண்பன், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பேரம் பேசினான். இதை அக்காவிடம் விளக்கிய பிறகு அவள் கூப்பிடும் முறை மாறியது. "ஆட்டம் முடிஞ்சதும் வா, அடுத்தது தொடங்காத" என்றாள். சண்டை பாதியாகக் குறைந்தது.

நால்வரும் ஒரே காரணத்துக்காக ஆடினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பலர் சேர்ந்து ஆடும் முதல் கணினி உலகங்களில் ஒன்றை 1978-இல் ராய் டிரப்ஷா இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆடுபவர்களில் சாதிக்க வருபவர், சுற்றிப்பார்க்க வருபவர், பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர் என்று நான்கு வகை உண்டு என்றார். அச்சுப்போல் எல்லாரையும் இந்த நான்கு பெட்டிக்குள் அடைக்க முடியாது. ஆனால் அந்தத் திண்ணையில் நான் கண்ணால் பார்த்தேன். ஒருவனுக்குத் தரவரிசைதான் மூச்சு. ஒருவன் யாரையும் சுடாமல் ஜீப் எடுத்துக்கொண்டு தீவைச் சுற்றி வருவான், கடலோரம் போய் நிறுத்துவான். அக்கா மகனுக்கு ஆட்டமே இரண்டாம்பட்சம், வாய் ஓயாது.

கூப்பிடப்படாதவர்கள்

திண்ணையில் ஒரு பெண் பிள்ளைகூட இல்லை. இதை நான் அன்று கவனிக்கவில்லை, பல மாதங்கள் கழித்துத்தான் உறைத்தது. கூப்பிட ஆள் இருப்பதுதான் முதல் கதவு என்றால், அந்தக் கதவு அவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தது. சொந்தப் போன் கிடைப்பதே பையன்களுக்குப் பிறகுதான். மீறி உள்ளே போனாலும் குரல் ஒரு சிக்கல். என் தோழி ஒருவரின் மகள் கல்லூரிக் காலத்தில் மைக்கை அணைத்து வைத்துத்தான் ஆடினாள். பெண் குரல் கேட்டதும் வரும் வழிசல்களும் வசவுகளும் தாங்காமல். அணியாக ஆடும் கேமில் பேசாமல் ஆடுவது ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆடுவது போல. நன்றாக ஆடத் தெரிந்தும் ஆறு மாதத்தில் விட்டுவிட்டாள். பெண்களுக்குக் கேமில் ஆர்வம் குறைவு என்று சுலபமாகச் சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். 1980-இல் தோரு இவாதானி பேக்மேன் என்ற கேமை வடிவமைத்தபோதே, பெரும்பாலும் ஆண்கள் கூடும் இடமாக இருந்த ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டுக் கேம் ஆடும் கூடத்துக்கு, பெண்களும் வர வேண்டும் என்றுதான் சண்டை, சுடுதல் இல்லாமல் சாப்பிடுவதை மையமாக வைத்தார். வரவும் செய்தார்கள்.

போனின் விலையும் சத்தமில்லாமல் ஆட்களைப் பிரித்தது. ரேம் குறைந்த போனில் பப்ஜி திணறும், சூடாகும், முக்கியமான நொடியில் உறைந்து நிற்கும். அந்தப் பிள்ளைகள் ஃப்ரீ ஃபயர் ஆடினார்கள். ஐம்பது பேர், பத்து நிமிட ஆட்டம், சாதாரணப் போனிலும் ஓடும். வகுப்பில் எவன் எந்தக் கேம் ஆடுகிறான் என்பதை வைத்தே அவன் வீட்டில் என்ன போன் என்று சொல்லிவிடலாம் என்றான் அக்கா மகன். சில வகுப்புகளில் அது கேலியாகவும் மாறியது. விருப்பத்தின் வேறுபாடு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி பணத்தின் வேறுபாடு.

தடை வந்த நாள்

2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் சீனாவோடு மோதல். செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் அதில் ஒன்று. போனில் அதை ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் சில வாரங்கள் ஆடினார்கள், அக்டோபர் 30-உடன் அதுவும் முடிந்தது. மக்கள் ஒரு கேமை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அறிய இதைவிடப் பெரிய சோதனையை எந்த ஆய்வாளராலும் நடத்தியிருக்க முடியாது. கோடிக்கணக்கானவர்கள் கையிலிருந்து கேமைப் பிடுங்கியாகிவிட்டது. அடுத்து எதை எடுப்பார்கள்?

திண்ணை நால்வருக்கும் கால் ஆஃப் டியூட்டி மொபைல்தான் பிடித்திருந்தது. துப்பாக்கி, காட்சி எல்லாம் பப்ஜிக்கு நெருக்கம். ஆனால் அவர்களில் ஒருவனிடம் 2 ஜிபி ரேம் போன். அதில் அது ஒழுங்காக ஓடாது. மூன்று பேர் பிடித்ததை ஆடியிருக்கலாம். அவர்கள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள், அவ்வளவு நாள் அதைக் கிண்டல் செய்த அதே பையன்கள். நான்கு போனிலும் ஓடியது அது ஒன்றுதான். 2021 ஜூலை 2 அன்று பப்ஜி பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியபோது, அந்த நண்பன் பகுதிநேர வேலை பார்த்துப் புதுப் போன் வாங்கும் வரை இன்னும் இரண்டு மாதம் ஃப்ரீ ஃபயரிலேயே இருந்தார்கள். என்னைக் கேட்டால், "ஏன் இந்தக் கேம்?" என்ற கேள்விக்கு நான் பார்த்தவற்றில் இதைவிட நேர்மையான பதில் இல்லை.

கொக்கி எங்கே இருக்கிறது

இவ்வளவு சொன்னதால் கேமில் குறையே இல்லை என்று பொருள் இல்லை. கூட்டாளிகள் கூப்பிடுவது வேறு, நிறுவனம் கூப்பிடுவது வேறு. "இன்று உள்ளே வந்தால் பரிசு, நாளை வராவிட்டால் வரிசை அறுந்துவிடும்" என்று தினமும் இழுப்பது, பருவத்துக்குப் பருவம் ராயல் பாஸ் என்ற கட்டணச் சீட்டை விற்பது, பெட்டிக்குள் என்ன வரும் என்று தெரியாமலே காசு கட்ட வைப்பது, இவையெல்லாம் விளையாட்டின் பகுதி அல்ல. பெட்டி திறக்கும் அந்த வழக்கத்தை பெல்ஜியம் 2018-இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. நம் பிள்ளைகள் அப்பாவின் யுபிஐ ரகசிய எண்ணைத் தெரிந்துவைத்துச் சட்டைக்கும் தொப்பிக்கும் பணம் கட்டியதற்குப் பின்னால் இந்த வடிவமைப்பு இருக்கிறது. அதைப் பிள்ளையின் ஒழுக்கக் கேடாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி போன்றவற்றை இந்தக் கட்டுரையில் நான் சேர்க்கவில்லை. அங்கே ஆடுபவரை இழுப்பது வேறு ஒன்று. தமிழ்நாடு அரசின் 2022 சட்டமும், ஒன்றிய அரசின் 2025 சட்டமும் அதைத் தனியாகக் கையாள்வதற்குக் காரணம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் கேம் ஆடுவது தொடர்பான ஒரு கோளாறும் இடம்பெற்றிருக்கிறது. எத்தனை மணி நேரம் என்பது அதில் அளவுகோலே இல்லை. ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அது ஆகிவிடுவது, கெடுதல் நேர்ந்த பிறகும் தொடர்வது, இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடிப்பது. வெளியே சுவர் இடிந்த பிள்ளைகள்தான் உள்ளே போய் ஒளிகிறார்கள் என்று பல நேரம் எனக்குத் தோன்றியிருக்கிறது. வெளியே என்ன இடிந்தது என்று பார்க்காமல் போனை மட்டும் பிடுங்கினால் அந்தப் பிள்ளைக்கு ஒளியவும் இடமில்லாமல் போகும்.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் இருந்தார். தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய். 2014-இல், 25 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளின் பெரும்பகுதியை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கேமை ஆடிக் கழித்தார். மகனுக்கு நண்பர்களே இல்லாமல் போனதே என்றுதான் பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். இறந்த செய்தியை அவருடைய வலைப்பதிவில் அப்பா எழுதினார். அதன் பிறகு ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. அவர் எங்களுக்கு யார் தெரியுமா என்று, முகமே பார்த்திராதவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அடக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து சிலர் வந்து நின்றார்கள். அந்தப் பெற்றோர் பத்து ஆண்டுகளாகப் பார்த்தது மகனின் முதுகையும் ஒரு திரையையும்தான். இதை அக்காவுக்குச் சொன்னேன். வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

திண்ணை இப்போது காலி. அக்கா மகன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். மற்ற மூவரில் ஒருவன் சென்னை, ஒருவன் துபாய், தரவரிசையே மூச்சாக இருந்தவன் தூத்துக்குடியில் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறான். போன தீபாவளிக்கு அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தபோது, ஞாயிறு இரவு பத்து மணிக்கு மாடியில் உட்கார்ந்து பிஜிஎம்ஐ திறந்தான். துபாய்க்காரன் ஷிப்ட் முடிந்து வரும் வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். வந்தான். பேச்சு தொடங்கியது. ஒருவனுக்குப் பெண் பார்க்கிறார்கள், ஒருவனுக்குச் சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை, கடையில் புதிதாக ஃப்ரிட்ஜ் போட்டிருக்கிறார்கள். திரையில் நாலு பொம்மைகளும் துப்பாக்கியோடு லாபியில் சும்மா நின்றுகொண்டிருந்தன. பதினொன்றரைக்கு அக்கா மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஆட்டம் முடிஞ்சுதாலே?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா."

"சரி" என்று விளக்கை அணைத்துவிட்டு இறங்கிப் போனாள்.